தேடத் தெரிந்த பிள்ளைகள்: நூலகரும் விரிவுரையாளரும் கைகோக்க வேண்டிய இடம்

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் அழைத்தார். கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்தேன். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு தகவலை எப்படித் தேடுகிறார்கள், கிடைத்ததை எப்படி எடைபோடுகிறார்கள், அதைக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு என்பதுதான் அந்தப் பொருள்.

நம் சங்கத்தின் தொடக்க காலத்தில் புத்தகம் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. பாடநூல் வாங்க உதவித்தொகை கொடுத்தோம். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்காக மாலை நேரத்தில் துணைப்பாட வகுப்பு நடத்தினோம். அன்றைக்கு இருந்தது பற்றாக்குறை. இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் இலட்சக்கணக்கில் பக்கங்கள் வந்து விழுகின்றன. ஆனால், வந்து விழுந்தவற்றில் எது நெல், எது பதர் என்று பிரித்துப் பார்க்கும் முறம் பிள்ளையின் கையில் இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

அந்த முறத்துக்கு நூலகத் துறையில் ‘தகவல் அறிதிறன்’ என்று பெயர். இது நேற்று வந்த சொல் இல்லை. 1974-இல் பால் சுர்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தினார். 1989-இல் அமெரிக்க நூலகச் சங்கம் அமைத்த ஒரு குழு அதற்குத் தெளிவான பொருள் சொன்னது. தனக்குத் தகவல் தேவைப்படுகிறது என்பதை உணர வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை எடைபோட வேண்டும். பிறகு அதை உரிய முறையில் பயன்படுத்த வேண்டும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் தகவல் அறிதிறன். இவற்றில் இரண்டாவதை மட்டும் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள். அதைக்கூட அவர்கள் செய்வதில்லை, கூகல்தான் செய்கிறது என்று சிலர் சொல்லக்கூடும்!

இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம். வாப்பா புரோட்டாக் கடையில் வேலை பார்ப்பவர். மூத்த மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படித்தாள். கெட்டிக்காரப் பெண். திட்ட அறிக்கை எழுதும்போது, மேற்கோள் காட்டுவதற்குக் கட்டுரைகள் வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டிருக்கிறாள். அது அழகாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. பன்னிரண்டு கட்டுரைகள். அவற்றில் ஐந்து கட்டுரைகள் இந்த உலகத்திலேயே இல்லை. விரிவுரையாளர் தேடிப் பார்த்துவிட்டு விசாரணைக்கு அழைத்தார். அந்தப் பெண் என்னிடம் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “மாமா, நான் ஏமாத்தணும்னு நினைக்கவே இல்ல. பேரு, வருஷம், பக்க எண் எல்லாம் இருந்துச்சு. இல்லாத கட்டுரைக்கு யாரு பக்க எண் போடுவாங்கன்னு நினைச்சுட்டேன்.”

அவள் அந்தப் பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதச் சம்பளத்தை நம்பித் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தது அந்தக் குடும்பம். அந்தப் பெண்ணிடம் நாணயக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கும் வழியை அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை.

படித்துப் பட்டம் பெற்றவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். நீதிபதி தேடிப் பார்த்தார். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை. அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பல ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கே இந்த நிலை என்றால், பத்தொன்பது வயதுப் பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் யார்? விரிவுரையாளரைக் கேட்டால், “அதற்குத்தான் நூலகம் இருக்கிறதே” என்பார். நூலகரைக் கேட்டால், “மாணவர்கள் எங்களிடம் வருவதே இல்லையே” என்பார். இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளை நிற்கிறது.

அமெரிக்காவில் ‘புராஜெக்ட் இன்ஃபர்மேஷன் லிட்டரசி’ என்ற ஆய்வுத் திட்டம் கல்லூரி மாணவர்கள் தகவல் தேடும் விதத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தது. 2009-இல் வந்த அறிக்கையின்படி, பத்து மாணவர்களில் எட்டுப் பேர் பாட வேலைக்காக நூலகரை நாடுவதே அரிது. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொரு வேலை செய்தது. 28 கல்லூரிகளில் விரிவுரையாளர்கள் மாணவர்களுக்குக் கொடுத்த 191 இடுபணித் தாள்களைச் சேர்த்துப் படித்துப் பார்த்தது. எத்தனை பக்கம் எழுத வேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், மேற்கோளை எந்த முறையில் எழுத வேண்டும் என்பவையெல்லாம் பெரும்பாலான தாள்களில் விரிவாக இருந்தன. எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி எடைபோடுவது என்பது பற்றி அவ்வளவாக இல்லை. நூலகரைப் போய்ப் பாருங்கள் என்று சொன்னவை நூற்றுக்கு 13 தாள்கள் மட்டுமே.

இதை நான் விரிவுரையாளர்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. ஒரு துறையில் இருபது ஆண்டுகள் ஊறியவருக்கு எந்த ஆய்விதழ் நல்லது, யார் எழுதினால் நம்பலாம் என்பது மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போயிருக்கும். ‘நல்ல ஆதாரங்களைக் கொண்டு வாருங்கள்’ என்று அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரிக்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது அவருக்கே நினைவிருக்காது. பிரியாணி ஆக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களிடம் அளவு கேட்டால், “கண் அளவுதான்” என்பார்கள். அதே சங்கடம்தான் இதுவும்.

நூலகர் நிலைமையோ வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் புதிய மாணவர்களை வரிசையாக அழைத்து வருவார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். இது புத்தக அலமாரி, இது மின் தரவுத்தளம், இப்படித் தேடலாம் என்று காட்டுவோம். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் எந்தக் கேள்வியும் இல்லை. பசியில்லாதவனுக்கு விருந்து வைத்த கதைதான். மூன்று மாதம் கழித்துக் கட்டுரை எழுத வேண்டிய நாள் வரும்போது, அந்த ஒரு மணி நேரம் மறந்து போயிருக்கும்.

இதற்கு மாற்று வழி ஒன்றைச் சிலர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் பட்ரிசியா நாப் என்ற நூலகர் ஒரு பரிசோதனை நடத்தினார். நூலகப் பயிற்சியைத் தனியாக வைக்காமல், பாடத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, விரிவுரையாளர்களோடு உட்கார்ந்து இடுபணிகளைத் திட்டமிட்டார். அது எளிதாக நடந்துவிடவில்லை. விரிவுரையாளர்களின் ஒத்துழைப்பைப் பெறுவதே பெரிய வேலையாக இருந்தது. பாடத்தோடு சரியாக ஒட்டாத பயிற்சிகளை மாணவர்கள் வெட்டி வேலையாகப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தை அவர் மறைக்காமல் 1966-இல் நூலாகவே எழுதினார்.

இந்தியானா மாநிலத்தில் எர்லம் கல்லூரி என்ற சிறிய கல்லூரி இருக்கிறது. அங்கே 1962 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்துக்குத் தலைமை வகித்தவர் இவான் ஃபார்பர். அவர் வழி எளிமையானது. மாணவனுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டிய வேலை வந்திருக்கும் நேரம் பார்த்து, அந்தப் பாட வகுப்புக்கே நூலகர் போவார். அந்தத் தலைப்புக்கு எங்கே, எப்படித் தேடுவது என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பார். விரிவுரையாளரும் வகுப்பிலேயே இருப்பார். இடுபணியை இருவரும் சேர்ந்து வகுத்திருப்பார்கள். உயிரியல், வரலாறு, இலக்கியம் என்று பாடம் மாறும்போது சொல்லிக்கொடுப்பதும் மாறும். முதலாண்டில் கற்றதற்கு மேல் இரண்டாம் ஆண்டில் ஒரு படி ஏறும். பல நாட்டுக் கல்லூரி நூலகர்கள் எர்லம் கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்டார்கள். நம் வட்டாரத்திலும் முயற்சிகள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தகவல் திறன் பாடத்தை நூலகர்களே மதிப்புப் புள்ளியுடன் கூடிய பாடமாக இளங்கலை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறார்கள்.

சேர்ந்து செய்வது என்றால் நடைமுறையில் என்ன? நமக்கு நெருக்கமான ஒரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். தெலுக் ஆயர் சாலையில் இருக்கும் அல்-அப்ரார் பள்ளிவாசலை எல்லோருக்கும் தெரியும். நம் முன்னோர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தார்கள். அந்தப் பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது என்று ஒரு கல்லூரி மாணவர் எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 1827 என்று சொல்லும். இன்னொரு பக்கம் 1850-களைச் சொல்லும். இதைப் பார்த்ததும் பிள்ளை என்ன செய்வார்? முதலில் வந்ததை எடுத்து எழுதிவிடுவார். அல்லது பல பக்கங்களில் இருப்பதை எழுதுவார்.

விரிவுரையாளரும் நூலகரும் சேர்ந்து இந்த இடுபணியை வகுத்தால், கேள்வியையே மாற்றுவார்கள். ‘எந்த ஆண்டு?’ என்று கேட்க மாட்டார்கள். ‘ஒன்றோடொன்று மாறுபடும் இரண்டு ஆதாரங்களைக் கொண்டு வா. ஏன் மாறுபடுகின்றன என்று சொல். எதை ஏற்கிறாய், ஏன் என்று எழுது’ என்று கேட்பார்கள். பிறகு நூலகர் ஒரு வகுப்பு வருவார். தேசிய நினைவுச்சின்னம் பற்றிய பதிவு எங்கே இருக்கிறது, பழைய நாளிதழ்களை எப்படிப் பார்ப்பது, பழைய வரைபடத்தை எப்படித் தேடுவது என்று காட்டுவார். மாணவர் தேடிப் பார்த்தால் விடை தெரியும். 1827-இல் எழுந்தது கூரை வேய்ந்த குடிசை. குச்சு என்ற பெயரே அதனால்தான். செங்கல் கட்டடம் எழுந்தது 1850-க்கும் 1855-க்கும் இடையில். இரண்டு ஆண்டும் சரி. ஒன்று தொழுகை தொடங்கிய இடத்தைச் சொல்கிறது, மற்றது கட்டடத்தைச் சொல்கிறது. ஒரு ஆதாரத்தைப் பார்க்கும்போது ‘இது எதைப் பற்றிச் சொல்கிறது’ என்று கேட்க வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பிள்ளை வாழ்நாளில் மறக்க மாட்டார். அதே சாலையில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவைப் பற்றியும், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைப் பற்றியும் இப்படியே கேட்கலாம்.

இந்த ஒரு வகுப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விரிவுரையாளரும் நூலகரும் சந்தித்துப் பேச ஒரு மணி நேரம். வகுப்பில் ஒரு மணி நேரம். மாணவர்கள் எழுதிக் கொடுத்ததை இருவரும் சேர்ந்து ஒரு முறை பார்த்து, எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க இன்னும் சிறிது நேரம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாணவரின் ஆதாரப் பட்டியலை நூலகர் பார்த்தால்தான், தான் சொல்லிக்கொடுத்தது பலித்ததா என்று அவருக்குத் தெரியும். நோயாளி குணமானாரா என்று பார்க்காத மருத்துவர் போல நூலகர் இருக்கக் கூடாது.

சரிபார்ப்பதில் ஒரு குறிப்பிட்ட முறையை இங்கே இருக்கும் பெற்றோர்களும் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 25 பேர். இவர்கள் முன்னால் சில இணையத்தளங்களை வைத்து, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். அவற்றில் இரண்டு, குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட பெரிய அமைப்பு. மற்றது கொள்கை வேறுபாட்டால் 2002-இல் பிரிந்து போன மிகச் சிறிய அமைப்பு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். தளங்களும் பார்க்க நேர்த்தியாக இருக்கும்.

மாணவர்களில் பெரும்பாலோர் சிறிய அமைப்பின் தளத்தையே கூடுதல் நம்பகமானது என்றார்கள். வரலாற்றாசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் யாரும் தடுமாறவில்லை. அவர்கள் செய்தது ஒன்றுதான். அந்தத் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவில்லை. சட்டென்று வெளியே வந்து, வேறு பக்கங்களைத் திறந்து, ‘இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று பார்த்தார்கள். நாம் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரிப்போமா? அக்கம்பக்கத்தில், பள்ளிவாசலில், வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்போம். அதே அறிவைத்தான் இணையத்திலும் பயன்படுத்த வேண்டும். படித்தவர்கள்கூட இதில் தவறுகிறார்கள் என்பதால்தான், விரிவுரையாளர் மட்டும் போதாது, தேடுவதையே தொழிலாகக் கொண்டவரும் உடன் இருக்க வேண்டும் என்கிறேன்.

இது கல்லூரி மதிப்பெண்ணோடு நிற்கிற விஷயமும் இல்லை. தாதிமைப் படிப்பில் இருக்கும் ஒரு மாணவியை எனக்குத் தெரியும். அவள் வகுப்பில் விரிவுரையாளரும் நூலகரும் சேர்ந்து, மருத்துவத் தகவலை எங்கே தேடுவது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, பாட்டி நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ இலைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மருத்துவர் பேசும் காணொளி வந்ததாம். அந்தப் பிள்ளை பாட்டியோடு சண்டை போடவில்லை. “யாரு பாட்டி இந்த டாக்டர்? எந்த ஆஸ்பத்திரி? வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படி ஒரு மருத்துவர் எந்தப் பதிவிலும் இல்லை. மறுநாள் பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனார்கள். சர்க்கரை அளவு அபாயகரமாக ஏறியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. கல்லூரியில் ஒரு மணி நேரம் கற்றது ஒரு வீட்டையே காப்பாற்றியது. அந்தப் பாட்டி இன்றும் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

நம் சமூகத்துக்கு இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. ஒரு செய்தியைக் கேட்டால் அதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அந்தச் சங்கிலி எங்கேயாவது அறுபடுகிறதா, சொன்னவர் நம்பத் தகுந்தவரா என்று ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்களின் மரபு நமக்கு உண்டு. ஒரே ஓர் அறிவிப்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊர் விட்டு ஊர் பயணம் செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டிய தேவை இல்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

சிங்கப்பூரில் இதற்கு வாய்ப்புகள் குறைவில்லை. 1995-இல் அமைக்கப்பட்ட தேசிய நூலக வாரியம் 2013-இல் ‘ஷ்யூர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூலத்தைப் பார், புரிந்துகொள், மேலும் ஆராய், எடைபோடு என்பதுதான் அதன் நான்கு படிகள். பழைய நாளிதழ்களை வீட்டில் இருந்தபடியே பார்க்க வாரியத்தின் மின்தளம் இருக்கிறது, 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அதில் காணலாம். சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் 2015-இல் மின்மயமாக்கப்பட்டு வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிராக 2019-இல் சட்டமும் வந்தது. ஆனால், சட்டத்தால் ஒவ்வொரு வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் வந்து உட்கார முடியாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நம் வீட்டுப் பிள்ளைதான்.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, பெற்றோர்களுக்கு. பிள்ளை கட்டுரை எழுதும்போது ‘முடிச்சிட்டியா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இது எங்கே கிடைச்சது? யார் எழுதினது?’ என்றும் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பாடம் தெரியாத அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால், பிள்ளைக்கு அந்தப் பாடம் தெரிந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. உங்கள் துறைக்கென்று ஒரு நூலகர் கல்லூரியில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் பருவத்தின் முதல் மாதத்திலேயே ஒரு முறை போய்ப் பேசுங்கள். ‘இதைக்கூடத் தெரியாமல் வந்திருக்கிறானே’ என்று நூலகர் நினைப்பார் என்ற கூச்சம் வேண்டாம். கேள்வியோடு ஒரு மாணவர் வந்து நிற்பதைவிட மகிழ்ச்சி எங்களுக்கு வேறு கிடையாது. செயற்கை நுண்ணறிவு ஒரு கட்டுரையின் பெயரைச் சொன்னால், அந்தக் கட்டுரையை நூலகத் தரவுத்தளத்தில் திறந்து கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். பார்க்காததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, நம்மிடையே விரிவுரையாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருப்பவர்களுக்கு. அடுத்த பருவத்தில் ஒரே ஒரு இடுபணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் கல்லூரி நூலகரிடம் காட்டுங்கள். ‘இதை ஒரு மாணவன் செய்ய வேண்டும் என்றால் எங்கே தடுமாறுவான்?’ என்று கேளுங்கள். எல்லாப் பாடங்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்று போதும். அது பலித்தால் மற்றது தானாக வரும்.

நான்காவது, நம் சங்கத்துக்கு. கல்வி உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், நூலகர் ஒருவரையும் விரிவுரையாளர் ஒருவரையும் சேர்த்து அழைத்து அரை நாள் பயிலரங்கு நடத்துங்கள். பெற்றோரும் உடன் வரட்டும். பணமாகக் கொடுக்கும் உதவி ஒரு பருவத்துக்குப் பயன்படும். இது அந்தப் பிள்ளைக்கு வேலைக்குப் போன பிறகும் பயன்படும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சிங்கையில் 1887-இலேயே ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் இதழை நடத்தியவர் மகதூம் சாகிபு. நம் சமூகத்தைச் சேர்ந்த அவர் அன்று அச்சில் ஏற்றி வைத்ததால்தான், இன்றைய ஆய்வாளர்கள் அந்தக் காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பேச முடிகிறது. நாம் இப்போது வெளியிடப் போகும் இந்தப் பொன்விழா மலரும் நாளைக்கு ஓர் ஆதாரம்தான். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய படங்களை மலர்க் குழுவிடம் கொடுக்கும்போது, படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம், இதைச் சொன்னவர் யார் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். ‘ஆண்டு தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். சிங்கப்பூரில் வெளியாகும் அச்சு நூல்களில் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு படிகள் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேரட்டும்.

நூற்றாண்டு விழாவின்போது ஒரு கல்லூரி மாணவி அங்கே வந்து இந்த மலரைக் கேட்பாள். நம் பெயர்களைப் பார்ப்பாள். நம் படங்களைப் பார்ப்பாள். “இதை நம்பலாமா?” என்று பக்கத்தில் இருக்கும் நூலகரிடம் கேட்பாள். நம்பலாம் என்று அவர் தயங்காமல் சொல்லும்படி நாம் எழுதி வைப்போம். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியும்படி நம் பிள்ளைகளை இன்றே பழக்குவோம்.